சம ஆசனம்

ஜி-20 என்று உலகம் அழைக்கும் சபைக்குச் சொந்தமான கட்டடம் கிடையாது. நிரந்தரமான காரியாலயம் கிடையாது. அதற்கே உரிய உத்தியோகஸ்தர் என்று எவரும் கிடையாது. ஐக்கிய நாடுகள் சபைக்கு நியூயார்க்கிலும், சர்வதேச நிதியத்துக்கு வாஷிங்டனிலும் மாளிகைகள் இருக்க, உலக உற்பத்தியில் ஏறத்தாழ 85 சதவீதத்தையும், வாணிபத்தில் முக்கால் பங்கையும், ஜனத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கையும் தன்னுள் அடக்கிய இந்தச் சபையோ, ஆண்டுக்கு ஒரு தேசத்தில் கூடிக் கலைந்து, மறு ஆண்டு வேறொரு தேசத்தைத் தேடிப் போய்விடுகிறது. ஆகவே, அந்தந்த ஆண்டில் தலைமை ஏற்கும் நாடு, பிரகடனத்தின் கடைசி எழுத்திலிருந்து மேசைமீது வைக்கும் தண்ணீர்க் குவளைவரை யாவற்றையும் தானே சித்தம் செய்து, இரண்டு நாள் மாநாட்டுக்காக ஓராண்டு காலம் உழைக்கவேண்டியிருக்கிறது. ஆசிய நாடுகளைப் பீடித்த நிதி நெருக்கடியை அடுத்து 1999-இல் நிதியமைச்சர்களின் கூட்டமாகத் தொடங்கி, அமெரிக்க வங்கிகள் சரிந்த 2008-ஆம் ஆண்டின் நவம்பரில் வாஷிங்டனில் தலைவர்களின் மாநாடாக உயர்ந்த அச்சபை, லண்டன், பிட்ஸ்பர்க், டொரண்டோ, சியோல் என்று பல தலங்களைச் சுற்றி, 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 9, 10 தேதிகளில் நம் டெல்லிக்கு வந்து சேர்ந்தது.

இவ்வகை மாநாடுகளில், தலைவர்கள் என்ன பேசப் போகிறார்கள் என்பதோடு நேரடிச் சம்பந்தம் ஏதுமில்லாத, ஆயினும் அவர்கள் வாய் திறப்பதற்கு முன்னரே குறைவின்றி முடிந்திருக்கவேண்டிய வேலை ஒன்று உண்டு. எவருடைய விமானம் எத்தனை மணிக்கு இறங்குவது, அவரை ஏணியடியில் எதிர்கொள்பவர் யார், எவருடைய கார் எவருடைய காருக்குப் பின்னால் செல்வது, எவர் எந்த வாயிலில் நுழைவது, எவருக்கு வலப்புறம் எவர் அமர்வது, எந்தக் கொடிக்கு அடுத்து எந்தக் கொடி நிற்பது என்பவற்றையெல்லாம் நிர்ணயித்து, நிமிஷ வாரியாக எழுதி, எழுதியபடி நடத்திக் காட்டும் அந்த வேலைக்குப் புரோட்டோகால் என்று பெயர். தஞ்சை ஜில்லாவில் பிறந்து, இளமையிலேயே டெல்லி உத்தியோகத்துக்குப் போய், ஓய்வு பெறும்வரை அந்த வேலையிலேயே காலம் கழித்தவன் நான். அதை வெறும் சம்பிரதாயம் என்றும், பெரிய மனிதர்களின் அகந்தைக்குத் தீனி போடும் வீண் செலவு என்றும் கருதுகிறவர்கள் படித்தவர்களுக்குள்ளேயே பலர் உண்டு. தேசங்கள் சரிசமமாக அமர்ந்து பேசுவதற்குப் பூமியில் ஓரிடம் உண்டாக வேண்டுமானால், அதற்கு இந்தச் சம்பிரதாயமே அஸ்திவாரம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதைக் கூறுவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் இத்தொழிலில் அடியெடுத்து வைத்தது, 1983-ஆம் ஆண்டு மார்ச் மாதம், அணிசேரா நாடுகளின் மாநாடு டெல்லி விஞ்ஞான் பவனில் கூடிய சமயத்தில். அரசியல் மாநாடாயினும், ஏழை நாடுகளின் கடன் சுமையும் மூலப்பொருள்களின் விலை வீழ்ச்சியும் எல்லாருடைய மனத்தையும் அழுத்திக்கொண்டிருந்த காலமாகையால், தனியாக ஒரு பொருளாதாரப் பிரகடனத்தையும் அது வெளியிட்டது. எங்கள் பிரிவுக்கு மேலதிகாரியாக இருந்தவர் மயிலாப்பூர்க்காரர். 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதே விஞ்ஞான் பவனில், ஐக்கிய நாடுகளின் வர்த்தக வளர்ச்சி மாநாடாகிய அங்க்டாட் இரண்டாம் முறையாகக் கூடியபோது, கீழ்நிலை அலுவலராக இருந்து வேலை பழகியவர். ரௌல் பிரெபிஷ் என்ற அர்ஜெண்டினப் பொருளாதார மேதை தலைமைச் செயலாளராயிருந்து நடத்திய அந்த மாநாட்டில்தான், ஏழை நாடுகள் உற்பத்தி செய்யும் பண்டங்களுக்குச் செல்வ நாடுகள் சுங்கச் சலுகை அளிக்கவேண்டும் என்ற கொள்கை உலகத்தின் ஒப்புதலைப் பெற்றது என்பதையும், அந்த இரண்டு மாத காலத்தில் மண்டபத்தின் ஒவ்வொரு தூணும் தமக்குப் பரிச்சயமாகிவிட்டதையும் அவர் அடிக்கடி நினைவுகூர்வார். முதல் நாள் என்னை மண்டபத்தின் நடுவே நிறுத்தி, "கேளப்பா, தீர்மானம் எழுதுகிறவர்கள் மாடியில் இருக்கிறார்கள். அவர்கள் எழுதி முடிக்கிறவரைக்கும் கீழே ஒருத்தரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. அதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்" என்றார்.

அவர் வாக்கின் பொருள் அந்த மாநாட்டிலேயே எனக்கு விளங்கிற்று. பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத், ஜோர்டான் பிரதிநிதி பேசிய பின்னரே தம்மைப் பேச அழைத்ததைப் பெரும் அவமதிப்பாகக் கொண்டு, அன்றைக்கே டெல்லியைவிட்டுப் புறப்பட ஆயத்தமானார் என்பதும், பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரின் சார்பில் கியூபா அதிபர் ஃபிடல் காஸ்ட்ரோ தலையிட்டு, இந்திராவைத் தமக்கையாக மதிப்பது மெய்யானால் தம்பிக்குரிய முறையில் நடந்துகொள்ள வேண்டுமென்று எடுத்துரைத்து அவரைத் தங்கச் செய்தார் என்பதும், அம்மாநாட்டின் தலைமைச் செயலாளராயிருந்த நட்வர் சிங் பின்னாளில் பகிரங்கமாகக் கூறிய செய்திகள். ஒருவருக்குப் பின் பேசியதால் என்ன குறைந்துவிட்டது என்று வெளியிலிருந்து கேட்பது எளிது. ஆனால், ஆள்வதற்குச் சொந்த மண் இல்லாத ஒரு மனிதருக்கு, தேசங்களின் வரிசையில் தமக்கென்று அளிக்கப்படும் ஸ்தானம் ஒன்றே தேசமாக இருக்கிறது; அந்த ஸ்தானத்தில் ஒரு படி இறங்கினால், தம்மை நம்பியிருக்கும் ஜனங்கள் யாவரும் ஒரு படி இறங்கியதாகவே அவர் உணர்கிறார். அன்று முதல் பேச்சாளர் வரிசையை வெறும் பெயர்ப் பட்டியலாக நான் என்றுமே பார்த்ததில்லை.

இந்த முன்பின் விவகாரம் இன்று நேற்று உண்டானதன்று. 1661-இல், ஸ்வீடன் தேசத்துத் தூதர் லண்டன் நகரில் பிரவேசித்தபோது, அவரைத் தொடர்ந்து செல்லும் ஊர்வலத்தில் பிரெஞ்சுத் தூதரின் வண்டி முந்துவதா, ஸ்பானியத் தூதரின் வண்டி முந்துவதா என்ற சச்சரவு மூண்டு, நடுத்தெருவில் ஆட்கள் வெட்டுண்டு இறந்தார்கள். இரு ராஜ்யங்களும் யுத்தத்தின் விளிம்புக்கே போய்விட்டன. இவ்விதக் கலகங்களால் சலித்துப்போன ஐரோப்பிய அரசுகள், 1815-ஆம் ஆண்டு வியன்னாவில் கூடியபோது, தூதர்களின் வரிசையை அவரவர் மன்னரின் வலிமையைக்கொண்டு நிர்ணயிக்காமல், அந்தந்தத் தலைநகருக்கு அவர்கள் வந்துசேர்ந்த தேதியைக்கொண்டே நிர்ணயிப்பது என்று ஒப்புக்கொண்டன. தொழில் தெரியாதவருக்கு அற்பமாகத் தோன்றும் இந்த விதியை, மனித நாகரிகத்தின் அரிய சாதனைகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். தேதி என்பது செல்வமும் சேனையும் அறியாதது. எவராலும் மாற்ற முடியாதது. இன்றும் ராஷ்டிரத் தலைவர்கள் முதலில், அரசாங்கத் தலைவர்கள் அடுத்து, அவர்களுக்குள்ளே பதவி ஏற்ற நாளின்படி முன்பின், அதன் பின்னரே சர்வதேச ஸ்தாபனங்களின் தலைவர்கள் என்ற கிரமத்தில், வல்லரசின் தலைவராயினும் நேற்றுப் பதவி ஏற்றவரானால், சிற்றரசின் நெடுநாளைய தலைவருக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டாரில் எவரை எந்த இலையில் உட்காரவைப்பது என்று முன்னிரவே கணக்குப் போட்டுவைக்கும் பெரியவரின் கவலையும் இத்தகையதே. ஆனால், அங்கே யாரேனும் முகம் சுளித்தால் சமாதானம் செய்ய உறவினர் கூட்டம் இருக்கிறது. இங்கே முகம் சுளிப்பவருக்குப் பின்னால் ஒரு தேசம் இருக்கிறது.

கொடிகளைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். ஏனெனில், என் தொழிலில் நான் மிகவும் நேசித்த பகுதி அது. பல நாட்டுக் கொடிகள் ஒரே வரிசையில் நிற்கும்போது, நம் கொடி விதிகளின்படி, தேசியக் கொடி வலக்கோடியில், அதாவது எதிரே நின்று பார்ப்பவருக்கு இடக்கோடியில், நிற்கவேண்டும். மற்றவை ஆங்கில அகர வரிசைப்படி அதைத் தொடரவேண்டும். கம்பங்கள் ஒரே உயரமாகவும், கொடிகள் ஒரே அளவாகவும் இருக்கவேண்டும். விதி சுலபம், நிறைவேற்றுவதோ கடினம். நம் கொடி அகலத்துக்கு ஒன்றரை மடங்கு நீளம். பிரிட்டனின் கொடி இரு மடங்கு நீளம். ஜெர்மனியின் கொடி மூன்றுக்கு ஐந்து. சுவிட்சர்லாந்தின் கொடியோ முழுச் சதுரம். அவரவர் சட்டப்படி தைத்தால் ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் தோன்றும். ஒரே அளவில் தைத்தால் அவரவர் சட்டத்துக்குச் சற்று மாறும். ஆகவே, மாநாட்டுக்குப் பல மாதங்களுக்கு முன்னரே ஒவ்வொரு தூதரகத்துக்கும் மாதிரியை அனுப்பி, வர்ணத்தையும் அளவையும் பார்த்து அவர்கள் எழுத்து மூலம் சம்மதம் தந்த பின்னரே தையல்காரரிடம் துணியைக் கொடுப்போம்.

வர்ணங்கள் செய்யும் மாயமும் கொஞ்சமன்று. சிவப்பு மேலாகவும் வெள்ளை கீழாகவும் இருப்பது இந்தோனேஷியா. அதையே தலைகீழாக ஏற்றிவிட்டால் போலந்து. இத்தாலிக்கும் மெக்ஸிகோவுக்கும் ஒரே பச்சை, வெள்ளை, சிவப்பு. மெக்ஸிகோ கொடியின் நடுவே உள்ள கழுகுச் சின்னம் காற்றில் மடிந்து மறைந்துவிட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவர் தடுமாறுவார். பிரிட்டனின் கொடியில் மேல் கீழ் உண்டு என்பதையே பலர் அறியார்; கம்பத்தை ஒட்டிய பாதியில், குறுக்காக ஓடும் அகன்ற வெள்ளைப் பட்டை மேற்புறமாக இருக்கவேண்டும். ஆதலால், மாநாட்டுக்கு முந்திய இரவு, விருந்தினர் யாவரும் உறங்கிய பின், ஒருவர் வாசிக்க ஒருவர் நோக்க, கொடி கொடியாக, மேசைக் கொடி மேசைக் கொடியாக, பெயர்ப்பலகை பெயர்ப்பலகையாகச் சரிபார்ப்பது எங்கள் நியதி. ஒரு மாநாட்டில், கட்டுக் கட்டாக வந்திறங்கிய மேசைக் கொடிகளில் ஒன்று தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்ததை, எங்கள் பிரிவின் கடைநிலை ஊழியர் ஒருவர் அப்படிப்பட்ட இரவில் கண்டுபிடித்தார். அந்த நாடு எது என்பதை இப்போதும் சொல்லமாட்டேன். அந்த ஊழியர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்; ஆனால், நூற்றுக்கும் மேற்பட்ட கொடிகளைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லக்கூடியவர். அவருக்கு நான் அன்று கைகூப்பினேன். அதற்குப் பின்னும் பலமுறை கைகூப்பியிருக்கிறேன்.

2022-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி இந்தியா ஜி-20 தலைமையை ஏற்றபோது, நான் ஓய்வு பெற்றுச் சென்னையில் வசித்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் சர்வதேச மாநாடு என்றால் டெல்லி, டெல்லி என்றால் விஞ்ஞான் பவன் என்றிருந்த வழக்கத்தை மாற்றி, இம்முறை நாட்டின் எல்லா மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலுமாக அறுபது நகரங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட கூட்டங்களை நடத்துவதென்று தீர்மானித்திருந்தார்கள். அந்தத் தீர்மானத்தை நான் மனப்பூர்வமாக வரவேற்றேன். இவ்வளவு கூட்டங்களுக்கு வேண்டிய அனுபவசாலிகள் மாநிலங்களில் இல்லாமையால், இளைய அலுவலர்களுக்குப் பயிற்சி தர என் போன்ற பழையவர்கள் சிலரையும் அழைத்தார்கள். கல்விக் குழுவின் முதற்கூட்டம் ஜனவரி 31 முதல் பிப்ரவரி 2 வரையிலும், பொருளாதாரக் கட்டமைப்புக் குழுவின் கூட்டம் மார்ச் 24, 25 தேதிகளிலும், சுற்றுச்சூழல் அமைச்சர்களின் கூட்டம் ஜூலை 28-ஆம் தேதியிலும் சென்னையில் நடந்தன.

ஒவ்வொரு பிரதிநிதிக் குழுவுக்கும் லியாஸான் ஆபீசர் என்று ஒருவரை ஒதுக்குவது வழக்கம். விமானத்திலிருந்து இறங்கியது முதல் திரும்ப ஏறுவதுவரை அக்குழுவுக்கு இந்த தேசத்தின் முகமாக இருப்பவர் அவரே. பயிற்சியின்போது ஓர் இளம் பெண் அலுவலர், "சார், அவங்க ஏதாவது கொள்கை விஷயமாக் கேட்டால் நான் என்ன சொல்றது?" என்று கேட்டார். "ஒன்றுமே சொல்ல வேண்டாம், அம்மா. கார் எங்கே நிற்கிறது, அடுத்த கூட்டம் எந்த அறையில், டாக்டர் எந்த எண்ணில், காபி எங்கே கிடைக்கும், இவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிந்தால் போதும்" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். ஆனால், நான் சொல்லிக் கொடுக்காத ஒன்றையும் தாமே அறிந்திருந்தார். பெரிய தேசங்களின் குழுவில், கோப்பு தூக்க ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர், இடம் பார்த்துவைக்க ஒருவர் என்று பலர் வருவார்கள். தனியொருவராக வரும் பிரதிநிதிகளும் உண்டு. அவ்விதம் தனியாக வந்த ஒருவர், தம் தலைநகரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புக்காக வெளியே போன நேரத்தில், திருத்தப்பட்ட வரைவின் பிரதிகளை உள்ளே வழங்கிவிட்டார்கள். அந்தப் பெண், ஒரு பிரதியை வாங்கி, மாறிய பக்கங்களில் சீட்டு வைத்து, அவர் திரும்பி வரும்போது அவருடைய பெயர்ப்பலகைக்கு முன் தயாராக வைத்திருந்தார். அடுத்த சுற்றில் அந்தப் பிரதிநிதியும் மற்றவர்களைப் போலவே தம் ஆட்சேபத்தைச் சொல்ல முடிந்தது. வல்லரசின் குழுவுக்கு அவர்களுடைய ஆட்களே செய்துகொள்ளும் காரியத்தை, ஆளில்லாத விருந்தினருக்கு வீட்டுக்காரன் செய்து கொடுப்பதே சமத்துவம் என்பதை அவருக்கு எவரும் பாடமாகப் புகட்டவில்லை.

இதற்கிடையே, மாநாட்டின் சாரமான வேலை வேறு இடங்களில் நடந்துகொண்டிருந்தது. தலைவர்களின் பிரதிநிதிகளாகப் பிரகடனத்தின் வாசகத்தைப் பேசி முடிப்பவர்களை, இமயத்தில் மலையேறுவோருக்குச் சுமை தூக்கி வழிகாட்டும் இனத்தாரின் பெயரால் ஷெர்பாக்கள் என்று அழைக்கிறார்கள். அவர்கள் உதயப்பூரிலும், கேரளத்துக் குமரகத்திலும், ஹம்பியிலும், இறுதியாக டெல்லிக்கு அருகே நூஹ் பகுதியிலும் கூடினார்கள். உக்ரைன் யுத்தத்தைப் பற்றிய வாசகத்தில் உடன்பாடு காணாமல், பிப்ரவரியில் பெங்களூரில் கூடிய நிதியமைச்சர்கள் கூட்டறிக்கை வெளியிட முடியாமலே கலைந்தார்கள். அதற்குப் பின் கூடிய அமைச்சர் கூட்டங்கள் பலவற்றிலும் அதே கதை. டெல்லியிலும் அதுவே நேரும் என்று பத்திரிகைகள் எழுதிவந்த வேளையில், இருநூறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பேச்சுக்கும், பதினைந்து வரைவுகளுக்கும் பின் உடன்பாடு கிட்டியதாக நம் ஷெர்பா அமிதாப் காந்த் அறிவித்தார். 83 பத்திகள் கொண்ட பிரகடனம் முதல் நாளிலேயே ஏகமனதாக நிறைவேறியது. அந்தப் புகழ் பேசியவர்களுக்கும் எழுதியவர்களுக்குமே உரியது. ஆயினும், நள்ளிரவுக்குப் பின்னும் சூடாக உணவு வந்துகொண்டிருக்க, அச்சு இயந்திரம் பழுதின்றி ஓட, ஒருவரையொருவர் தனியே சந்திக்க விரும்பிய இரு குழுக்களுக்கு மூன்றாம் குழு அறியாதபடி ஓர் அறை கிடைக்க, இவற்றையெல்லாம் பெயர் தெரியாத பலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் நான் அறிவேன். உடன்பாடு என்பது களைத்துப்போன மனிதர்கள் அதிகாலையில் செய்யும் காரியம். அவர்களுடைய களைப்பை ஒரு பிடி குறைப்பவனுக்கும் அதில் அணுவளவு பங்கு உண்டு.

செப்டம்பர் மாதம் டெல்லியில் நடந்தவற்றை, பிரகதி மைதானத்தில் புதிதாக எழுந்திருந்த பாரத் மண்டபத்தின் காட்சிகளாகத் தொலைக்காட்சியில் எல்லாரும் கண்டோம். மண்டபத்தின் முன்னே, சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு வார்ப்பு முறையில் அஷ்டதாதுக்களால் வார்த்த 27 அடி உயர நடராஜமூர்த்தி நின்றதைக் கண்டு, தஞ்சை மண்ணில் பிறந்தவன் என்ற முறையில் என் நெஞ்சு நிறைந்தது. விமான நிலையத்தில் ஒடியா நாட்டுப்புற இசைக்கு ஆடிய கலைஞர்களைக் கண்டு, சர்வதேச நிதியத்தின் தலைவி கிறிஸ்டாலினா ஜார்ஜீவா அம்மையாரும் அவர்களோடு சேர்ந்து கால் அசைத்தார். ராஷ்டிரபதி அளித்த விருந்தில் தினையும் சாமையும் குதிரைவாலியும் இடம் பெற்றன. நம் பாட்டிமார் சமைத்து, நாம் மறந்துபோன தானியங்கள் அவை.

ஆனால், அந்த இரண்டு நாளில் என்னைப் போன்ற தொழிலாளி கண்ணிமைக்காமல் பார்த்தது வேறொரு காட்சி. அதன் அருமையை உணர, ஒரு பழைய சம்பவத்தை அறிய வேண்டும். 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில், ஐரோப்பிய ஒன்றியத்தின் இரு தலைவர்களான சார்ல்ஸ் மிஷெலும் உர்சுலா ஃபான் டெர் லையன் அம்மையாரும் அங்காரா நகரில் துருக்கி அதிபரைச் சந்திக்கச் சென்றபோது, அதிபருக்கு ஒன்றும் மிஷெலுக்கு ஒன்றுமாக இரண்டே நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. அம்மையார் நின்று பார்த்துவிட்டு, சற்றுத் தள்ளியிருந்த சோபாவில் அமர நேர்ந்தது. அங்கே பேசப்பட்ட விஷயங்களை உலகம் மறந்துவிட்டது. அந்த நாற்காலியை மறக்கவில்லை. ஓர் ஆசனம் இல்லாமற்போவது அத்தனை வலி தருவதானால், ஒரு கண்டம் முழுவதற்கும் ஆசனம் இல்லாதிருந்த நிலையை என்னவென்று சொல்வது? ஆப்பிரிக்காவின் ஐம்பத்தைந்து நாடுகளில் தென்னாப்பிரிக்கா ஒன்றே ஜி-20 சபையின் உறுப்பினர். எஞ்சிய கோடானுகோடி மக்களின் சார்பில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைவர் ஒவ்வோர் ஆண்டும் விருந்தினராக வந்து, விருந்தினராகவே திரும்பிக்கொண்டிருந்தார். கடன் தள்ளுபடியையும் உரத்தின் விலையையும் பற்றிய முடிவுகள், அவற்றால் அதிகமாகப் பாதிக்கப்படுவோருக்கு ஆசனம் இல்லாத மேசையில் எடுக்கப்பட்டுவந்தன.

2015-ஆம் ஆண்டு அக்டோபரில், இந்திய-ஆப்பிரிக்க மாநாட்டுக்காக அக்கண்டத்தின் தலைவர்கள் பலர் டெல்லியில் கூடியபோது, நான் பணியிலிருந்தேன். அவர்களுடைய உதவியாளர்களோடு கார்களின் அணிவரிசையையும் அறை ஒதுக்கீட்டையும் பேசி முடித்த மாலை வேளைகளில், பெரிய சபைகளில் தங்களுக்கு வாய்க்கும் இடம் எப்போதும் ஓரத்தில்தான் என்று ஒரு மூத்த அலுவலர் என்னிடம் கூறியதுண்டு. அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

செப்டம்பர் 9-ஆம் தேதி காலை, மாநாட்டைத் தொடங்கிவைத்த பிரதமர் மோடி, ஆப்பிரிக்க ஒன்றியத்தை நிரந்தர உறுப்பினராக்கும் பிரேரணையைச் சபையின் முன் வைத்து, அனைவரின் சம்மதத்துக்கு அடையாளமாகச் சுத்தியலை மேசையில் தட்டினார். ஒன்றியத்தின் அவ்வாண்டுத் தலைவரான கொமொரோஸ் அதிபர் அஸாலி அஸ்ஸூமானியை அவருக்குரிய ஆசனத்தில் அமரும்படி அழைத்தார். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் எழுந்துபோய் அவரை அழைத்து வர, மோடி அவரைத் தழுவி வரவேற்று அமரச் செய்தார். பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் தீவு நாட்டின் அதிபர் அவர். அந்தக் கணத்தில் அவர் அமர்ந்ததோ ஐம்பத்தைந்து நாடுகளின் ஸ்தானத்தில். தொழில் அறிந்தவர் இதில் ஒரு நுட்பத்தைக் காண்பார். சபை சம்மதிக்கும்முன் ஆசனத்தை வெளிப்படையாகப் போட்டுவைப்பது, மற்ற உறுப்பினர்களின் முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டதாகும். சம்மதித்த பின் ஆசனம் தேடுவது, வந்தவரை நிற்கவைத்ததாகும். இவ்விரண்டு குற்றங்களுக்கும் இடையே கிடைப்பது சில வினாடிகள். அவற்றுக்குள் வட்டமேசையின் இடைவெளியும், பெயர்ப்பலகையும், ஒலிவாங்கியும், மொழிபெயர்ப்புக் கருவியும், பச்சைக் களத்தில் ஆப்பிரிக்காவின் உருவம் பொறித்த அந்தக் கொடியும் ஒரு குறையின்றி ஒத்துழைக்க வேண்டும். அன்று எல்லாம் ஒத்துழைத்தன. இதற்கென உழைத்த என் தொழில் உறவினர்களை எண்ணி, தொலைக்காட்சிக்கு முன் நான் எழுந்து நின்றேன்.

அதே டெல்லியில், அதே வாரத்தில், என் மனத்தை வருத்திய காட்சியும் உண்டு. அதை எழுதாமல் விடுவது இந்தக் கட்டுரைக்குச் செய்யும் துரோகமாகும். விருந்தினரின் கார்கள் செல்லக்கூடிய வீதிகளை ஒட்டிய குடிசைப் பகுதிகள், கண்ணில் படாதபடி பச்சைத் துணியால் மறைக்கப்பட்டன. மூன்று நாள் விடுமுறை அறிவித்து நகரின் மையத்தில் கடைகளை அடைத்ததால், அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் தள்ளுவண்டிக்காரரும் கூலியாட்களும் வருமானம் இழந்தார்கள். பாதுகாப்புக்காகச் சாலைகளை மூடுவதன் அவசியத்தை நான் அறிவேன். பல மாநாடுகளில் அந்த ஏற்பாட்டை நானும் சேர்ந்து வகுத்திருக்கிறேன். மறைப்புத் துணிக்கு அத்தகைய அவசியம் ஏதுமில்லை. வறுமை ஒழிப்பைப் பற்றிப் பேச வருகிற அதிதிகளுக்கு நம் வறுமையைக் காட்ட வெட்கப்படுவது, தொழில் முறையிலும் தவறு, தர்ம முறையிலும் தவறு. மேசையில் எவரும் ஓரத்தில் அமர்ந்ததாக உணரக்கூடாது என்று பாடுபடுகிற வீட்டுக்காரன், தன் வீட்டு மனிதரையே திரைக்குப் பின்னால் நிறுத்துவானானால், அவன் உபசாரத்தில் சரிபாதி பழுதாகிவிடுகிறது. பின்னர் ஒரு பயிற்சி வகுப்பில் இதை நான் இளைஞர்களிடம் வெளிப்படையாகவே கூறினேன். எதிர்காலத்தில் அவர்கள் மேலதிகாரிகளாகும்போது, துணி வாங்கும் கோப்பு தங்களிடம் வருமானால், அதில் கையெழுத்திட மறுக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 10-ஆம் தேதி, தலைவர்கள் ராஜ்காட்டில் காந்தியடிகளின் சமாதியில் அஞ்சலி செலுத்தினார்கள். பின்னர் மோடி, தலைமையின் அடையாளமான சுத்தியலைப் பிரேஸில் அதிபர் லூலாவின் கையில் ஒப்படைத்தார். காரியாலயமில்லாத சபையில், ஒரு தேசம் கற்ற பாடம் அடுத்த தேசத்துக்குக் கைமாறுவது இந்தத் தொடர்ச்சியால்தான்; சென்ற ஆண்டின் நாடு, இவ்வாண்டின் நாடு, வரும் ஆண்டின் நாடு ஆகிய மூன்றும் கூடிக் கலந்து வேலை செய்வது மரபு. 2024 நவம்பரில் ரியோ டி ஜெனீரோவில் கூடிய சபை, 2025 நவம்பர் 22, 23 தேதிகளில் முதன்முறையாக ஆப்பிரிக்க மண்ணில், ஜோஹானஸ்பர்க் நகரில் கூடியது. அடுத்த தலைமைக்குரிய அமெரிக்கா அம்மாநாட்டைப் புறக்கணித்து, தலைமையைப் பெற்றுக்கொள்ள மட்டும் தூதரக அலுவலர் ஒருவரை அனுப்ப முன்வந்தது. தங்கள் ராஷ்டிரபதி ஒரு கீழ்நிலை அலுவலரிடம் தலைமையை ஒப்படைக்கமாட்டார் என்று தென்னாப்பிரிக்க அரசு மறுத்துவிட்டது. அதைச் சிலர் வீண் பிடிவாதம் என்று குறை கூறினார்கள். நான் அவ்வாறு நினைக்கவில்லை. ராஷ்டிரபதியின் கையிலிருந்து ராஷ்டிரபதியின் கைக்கு, அவர் வரவில்லையேல் அமைச்சரிடமிருந்து அமைச்சருக்கு, அதற்கும் வழியில்லாதபோது இரு அரசாங்கங்களிலும் ஒத்த படியிலுள்ள அலுவலர்கள் பின்னொரு நாளில் அமைதியாகக் கையெழுத்திட்டு மாற்றிக்கொள்வது என்பதே முறை. பிரிட்டோரியாவின் புரோட்டோகால் அதிகாரி என்னிடம் ஆலோசனை கேட்டிருந்தால், நானும் அதையே எழுதிக் கொடுத்திருப்பேன்.